வேர் மேலே வந்த மலை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் புறநகர் மின்ரயிலில் கிண்டியைக் கடந்ததும் வலப்புறத்தில் ஒரு குன்று தெரியும். உச்சியில் ஒரு வெள்ளைத் தேவாலயமும் சரிவில் மரங்களும் அடிவாரம் முழுவதும் நெருக்கமான வீடுகளுமாக இருக்கும் அதன் பெயர் பரங்கிமலை. பழவந்தாங்கலும் மீனம்பாக்கமும் கடந்து திரிசூலம் நெருங்கும்போது, இம்முறை இடப்புறத்தில், மேலும் சில குன்றுகள் எழுகின்றன. பல்லாவரம் வரை அவை விட்டுவிட்டுத் தொடர்கின்றன. இந்த வழியில் பல ஆண்டுகள் நாள்தோறும் பயணம் செய்திருந்தும், இவற்றை நான் ஒரு மலையாக மதித்துப் பார்த்ததில்லை. பரங்கிமலையின் உயரம் ஏறத்தாழ 300 அடிதான். அதைவிட உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள் இன்று இந்த நகரத்திலேயே இருக்கின்றன.

ஆயினும் நிலவியல் படித்தவர்கள் உலகின் எந்த மூலையில் இருந்தாலும் இந்தக் குன்றுகளின் கல்லைப் பெயர் சொல்லி அறிவார்கள். அந்தக் கல்லுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சார்னாக்கைட். எங்கள் வீட்டில் பாட்டி காலத்து ஆட்டுக்கல் ஒன்று உண்டு. பல்லாவரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தது என்று சொல்வார்கள். நனைந்தால் கறுப்பாகவும், காய்ந்தால் நீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறமாகவும் தோன்றும் அந்தக் கல்லின் மீது, எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் பூசியது போன்ற ஒரு மினுமினுப்பு தங்கியிருக்கும். மாவும் எண்ணெயும் ஊறிய பழக்கத்தால் வந்த மினுக்கம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். பின்னாளில் ஒரு நிலவியல் பாடநூலைப் புரட்டியபோது, சார்னாக்கைட்டின் முதல் அடையாளமாக அதில் குறிப்பிடப்பட்டிருந்தது இந்த எண்ணெய்ப் பளபளப்புதான். அன்று தொடங்கியது இந்த மலையின் மீதான என் பற்று.

பெயரின் கதை வங்காளத்தில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவரான ஜாப் சார்னாக், 1690 ஆகஸ்டு 24 அன்று ஹூக்ளி ஆற்றங்கரையில் சுதாநுட்டி என்னும் இடத்தில் இறங்கினார். கல்கத்தா நகரம் அங்கிருந்து வளர்ந்தது. இறங்குவதற்கு முன் சிறிது காலம் அவர் சென்னைக் கோட்டையில் தங்கியிருந்தவர். 1693 ஜனவரியில் அவர் இறந்தபோது, அவருடைய மருமகன் சார்லஸ் அயர் ஒரு கல்லறை மண்டபம் எழுப்பினார். கங்கைச் சமவெளியின் முகத்துவாரம் முழுவதும் வண்டல் மண். அங்கே தோண்டத் தோண்டச் சேறுதான் கிடைக்கும்; நல்ல கல்லுக்கு வழியில்லை. எனவே கல்லறைக்கான பலகைக் கல் சென்னையிலிருந்து கப்பலில் சென்றது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலந்து என்னும் இளைஞர் அந்தக் கல்லை ஆராய்ந்தார். அது பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல்லே என்று கண்டு, இதுவரை பெயரிடப்படாத ஒரு பாறை வகை என்று 1893-இல் ஒரு கட்டுரை வெளியிட்டு, கல்லறைக்குள் இருந்தவரின் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். இந்தக் குன்றுகளைத் தோண்டியோ உடைத்தோ அறியாத ஒருவரின் பெயரை இந்தக் குன்றுகள் சுமப்பது எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பல்லாவரக் கல் என்றே அது உலகெங்கும் வழங்கியிருக்கலாம்.

கல்லின் உள்ளடக்கத்துக்கு வருவோம். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவை சாதாரணக் கிரானைட்டிலும் உண்டு. சார்னாக்கைட்டை வேறுபடுத்துவது ஹைப்பர்ஸ்தீன் என்னும் கருங்கனிமம். கிரானைட்டில் அதன் இடத்தில் பெரும்பாலும் காக்காப்பொன் எனப்படும் அபிரகம் இருக்கும். அபிரகத்தின் படிக அமைப்புக்குள் நீர் பிணைந்திருக்கிறது. ஹைப்பர்ஸ்தீனுக்குள் நீர் இல்லை. ஒரு பாறை மிகுந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்படும்போது அதிலுள்ள நீரேறிய கனிமங்கள் சிதைந்து, நீர் வெளியேறி, ஹைப்பர்ஸ்தீன் போன்ற உலர்ந்த கனிமங்கள் உருவாகின்றன. அதற்கு 700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பமும், தலைக்கு மேல் 20 கிலோமீட்டருக்கும் மிகுதியான பாறைச் சுமையும் வேண்டும். தென்னிந்தியச் சார்னாக்கைட்டுகளின் குவார்ட்ஸ் மணிகளுக்குள் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் சிறுசிறு குமிழிகள் உண்டு. அவற்றில் அடைபட்டிருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. நீரை விரட்டியதில் அந்த வாயுவுக்குப் பங்குண்டா, அல்லது உருகிய பாறைக்குழம்பு நீரைக் கரைத்துக்கொண்டு சென்றுவிட்டதா என்னும் விவாதம் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. இப்பாறை குழம்பிலிருந்து நேரடியாக உறைந்தது என்பது ஹாலந்தின் கருத்து. பின்வந்தவர்களில் பலர், முன்பே இருந்த பாறைகள் ஆழத்தில் வெந்து உருமாறியவை என்று கண்டனர். இரண்டுக்குமே இடம் இருக்கிறது என்பதே இன்றைய நிலை.

இந்த வேக்காடு நடந்து ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அன்று இந்தக் கல் நின்ற இடம் கண்டத்தின் மேலோட்டினுடைய அடித்தளம். அதற்கு மேலே இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் கனத்துக்குப் பாறை இருந்தது. அந்த முழுக் கனமும் மழையிலும் வெயிலிலும் காற்றிலும் கரைந்து, ஆறுகளில் மணலாகிக் கடலுக்குப் போய்விட்ட பிறகே, அடியில் கிடந்தது வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது. எனவே பரங்கிமலையின் படிகளில் ஏறுகிறவர் ஓர் உச்சியை நோக்கி ஏறுவதாக எண்ணினாலும், அவர் காலடியில் இருப்பது மறைந்துபோன ஒரு பெருநிலத்தின் வேர். இதே வகைக் கல் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்டிகாவிலும் கிடைக்கிறது. அந்த நிலங்கள் எல்லாம் ஒருகாலத்தில் ஒட்டிக் கிடந்தவை.

வேர் என்ற சொல்லை நான் உவமையாக மட்டும் சொல்லவில்லை. மலைகளுக்கு உண்மையிலேயே வேர் உண்டு என்பதை மனிதர் அறிந்துகொண்ட கதையும் இந்தப் பரங்கிமலை அடிவாரத்தில்தான் தொடங்கியது. இந்தச் சிறு குன்றை நான் அரிதான மலை என்று கருதுவதற்கு முதற்காரணமும் அதுவே.

1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்னும் படை அதிகாரி, பரங்கிமலையின் அடிவாரச் சமவெளியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய் ஒரு நாட்டை அளப்பதென்றால், முதல் முக்கோணத்தின் ஒரு பக்கத்தையாவது தரையில் நேரடியாக அளந்தாக வேண்டும். மற்றவற்றைக் கோணங்களைக் கொண்டு கணக்கிட்டுக்கொள்ளலாம். அந்த முதல் பக்கத்தில் நேரும் பிழை கடைசி முக்கோணம் வரை பெருகிக்கொண்டே போகும். ஆகையால் ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோட்டை 100 அடி நீள எஃகுச் சங்கிலியால், ஏறக்குறைய 400 முறை நீட்டி நீட்டி அளந்தார்கள். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரத்தொட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்துக் கணக்கைத் திருத்தினார்கள். சித்திரை வெயிலில், நிழலற்ற வெளியில், ஒரு மயிரிழைப் பிழைக்காக அத்தனை பேர் வாரக்கணக்கில் குனிந்து நின்றதை நினைக்கும்போது, அளவு என்பதன் மீது எனக்கு ஒரு மரியாதை உண்டாகிறது. சங்கிலியைச் சுமந்தவர்களின் பெயர்கள் நம்மிடம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாக்கம் இன்று நெருக்கமான குடியிருப்புப் பகுதி. மலையுச்சியில் நின்று அந்தத் திசையைத் தேடினால் கட்டடங்களே கண்ணில் படுகின்றன.

அந்தக் கோட்டிலிருந்து கிளம்பிய முக்கோணங்கள் மேற்கே சென்று தீபகற்பத்தைக் கடந்தன. பின்னர் தெற்கும் வடக்குமாக நீண்டன. லாம்டன் 1823-இல் ஹிங்கன்காட் என்னும் ஊரில், வேலைக்கு நடுவிலேயே இறந்தார். அவருக்குப் பின் ஜார்ஜ் எவரெஸ்ட் அதை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டு சேர்த்தார். அங்கேதான் ஒரு சிக்கல் எழுந்தது. கலியான்பூர், கலியானா என்னும் இரு இடங்களுக்கு இடையிலுள்ள தொலைவை நட்சத்திரங்களைப் பார்த்துக் கணக்கிட்டால் ஒரு விடையும், முக்கோணங்களால் கணக்கிட்டால் வேறொரு விடையும் கிடைத்தன. வேறுபாடு சுமார் 5 வினாடிக் கோணம்; ஒரு டிகிரியின் 3600-இல் ஒரு பங்கே ஒரு வினாடி. கலியானா இமயத்துக்கு அருகில் இருப்பதால், மலையின் ஈர்ப்பு அங்கே தூக்குநூல் குண்டைத் தன் பக்கம் இழுத்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவில் இருந்த பாதிரியாரும் கணித அறிஞருமான ஜான் பிராட் கருதினார். கணக்கிட்டுப் பார்த்தபோது அவருக்கே வியப்பு: இமயம் உண்மையில் அத்தனை கனமான மலை என்றால் வேறுபாடு 5 அல்ல, ஏறத்தாழ 16 வினாடி இருந்திருக்க வேண்டும். மலை தன் உருவத்துக்கு ஏற்ப இழுக்கவில்லை.

1855-இல், பிராட்டின் கணக்கு அச்சில் வெளியான அதே ஆண்டிலேயே, இங்கிலாந்தின் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரி ஒரு விளக்கம் தந்தார். தண்ணீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் எது மேலே அதிகமாக எழுந்து நிற்கிறதோ, அதுவே நீருக்குள்ளும் அதிகமாக இறங்கியிருக்கும். மலைகளும் அவ்வாறே, அடர்த்தி மிகுந்த கீழடுக்கின் மீது, ஆழமான, எடை குறைந்த வேர்களோடு மிதக்கின்றன. அந்த இலேசான வேர்தான் இழுப்பைக் குறைத்தது. பிராட் சில ஆண்டுகளில் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார் என்றாலும், இமயத்தைப் பொறுத்தவரை ஜார்ஜ் ஏரி சொன்ன வேர் என்னும் கருத்தே பெரிதும் நிலைத்தது. அதன் மறுபக்கம் ஒன்று உண்டு. மிதக்கும் கட்டையின் மேற்பகுதியைச் செதுக்கி எறிந்தால், மூழ்கியிருந்த பகுதி மெல்ல மேலெழும். மலை தேயத் தேய அதன் வேர் உயர்ந்து வரும். இப்படிக் கோடானுகோடி ஆண்டுகள் உயர்ந்து வந்த ஆழத்துப் பாறையின் மீதுதான், 1802-இல், லாம்டன் தன் கொடியை நட்டுக் கோணம் பார்த்தார். எந்தக் கேள்விக்கு அவருடைய சங்கிலி வழிவகுத்ததோ, அதன் விடை அவர் காலுக்குக் கீழேயே கிடந்திருக்கிறது. அது தற்செயல்தான் என்பதை நான் அறிவேன். இருந்தும் அந்தப் படிகளில் ஏறும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் படிகளைப் பற்றியும் ஒரு சொல். 130-க்கும் மேற்பட்ட அகலமான கற்படிகள் அவை. 18-ஆம் நூற்றாண்டில் சென்னையில் வாழ்ந்த ஆர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் தம் செலவில் அமைத்தவை. அடையாற்றின் குறுக்கே முதல் பாலத்தைக் கட்டியவரும் அவரே. உச்சியிலுள்ள தேவாலயம் போர்ச்சுக்கீசியர் காலத்தது. இயேசுவின் சீடரான புனித தோமா இந்த மலையில் கொல்லப்பட்டார் என்பது கிறித்தவர்களின் நெடுநாள் நம்பிக்கை. 1547-இல் அங்கே அடித்தளம் தோண்டியபோது கல்லில் புடைப்பாகச் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது; அதைச் சுற்றிலும் பண்டைய பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துகள் இருந்தன. போர்ச்சுக்கீசியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர்கள் இங்கே வழிபட்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த எழுத்துகளே சாட்சி. ஐரோப்பியரைக் குறிக்கும் பரங்கி என்ற சொல்லால் மலை பெயர் பெற்றது என்பர். பிருங்கி முனிவர் தவம் செய்ததால் பிருங்கிமலை என்பதே மூலம் என்று அடிவாரத்து நந்தீசுவரர் கோயில் வழக்கு கூறும். ஒரு மலைக்கு இரண்டு பெயர்க்காரணம் இருப்பதில் குறையொன்றும் இல்லை. போர்களும் இங்கே நடந்தன: 1759-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த அடிவாரத்தில் மோதினார்கள்; 1769-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இதுவரை வந்து கம்பெனியை உடன்படிக்கைக்குப் பணியவைத்தது.

போர்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பல்லாவரத்தில் நடந்த இரண்டு காரியங்கள். முதலாவது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகை. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இல்லாமல் கோயில் எடுத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்தோடு சொல்லிக்கொண்ட மன்னன் அவன். ஏறத்தாழ அதே காலத்தில் சாளுக்கியர் வாதாபியில் குடைந்தது மணற்கல்லில். உளிக்கு எளிதில் இடம்கொடுக்கும் கல் அது. பல்லாவரத்துக் கல்லோ ஆழத்தில் வெந்து, நீர் முழுவதும் வற்றி, மணிமணியாக இறுகியது. ஐந்து அறைகளோடு, சதுரத் தூண்களோடு அதைக் குடைந்து, தன் விருதுப் பெயர்களை அதில் அவன் பொறித்தான். அந்தக் குகை பிற்காலத்தில் தர்காவாக ஆகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. கல்தச்சர்கள் ஒரு கல்லைத் தட்டிப் பார்த்து, அதன் ஒலியைக் கொண்டு ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். வெண்கல மணி போல ஒலிக்கும் கல்லை உருவம் செதுக்கத் தேர்ந்தெடுப்பார்கள். பல்லாவரத்துக் கல்லின் துண்டு ஒன்றைச் சிறு சுத்தியால் தட்டினால் எழும் நாதத்தைக் கேட்டவர்கள், மகேந்திரனின் தச்சர்கள் இதை ஏன் துணிந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது, 1863 மே 30. ஹாலந்தைப் போலவே நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் சரளை எடுக்கத் தோண்டிய ஒரு பள்ளத்தில், மனிதக் கை பட்டுச் செதுக்கப்பட்ட கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்றாக அமைந்த கருவி அது. சில மாதங்களில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். அங்குள்ள கருவிகளின் வயது 15 இலட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் நிறுவினார்கள். ஃபூட் கண்ட கருவி சார்னாக்கைட்டால் ஆனதன்று; குவார்ட்சைட்டால் ஆனது. குவார்ட்சைட்டைத் தட்டினால் கூரிய சில்லுகளாகப் பெயரும். சார்னாக்கைட் அப்படிப் பெயராமல் நொறுங்கும். இந்தக் கல் விளிம்புக்கு உதவாது என்பதை அந்த ஆதிமனிதர்கள் நிலவியலாளருக்கு முன்பே அறிந்து, வேறு கல்லைத் தேடிக்கொண்டவர்கள். இதே பல்லாவரத்தில்தான் 1880-களின் இறுதியில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டியெடுத்தார்.

விளிம்புக்கு உதவாத கல், நகரம் கட்டுவதற்கு உதவியது. சென்னையின் அடித்தளங்களுக்கும் சாலைகளுக்கும் ரயில் பாதைகளுக்கும் ஜல்லி வேண்டியிருந்ததால், பல்லாவரம், பம்மல், திரிசூலம் பகுதிகளில் குன்றுகளின் பக்கங்கள் வெட்டப்பட்டன. நான் சிறுவனாக இருந்தபோது, மாலையில் வெடி வைப்பதற்கு முன் விசில் ஊதுவார்கள். சிறிது நேரத்தில் தரை ஒரு முறை குலுங்கும். பாத்திர அடுக்கு கிணுகிணுக்கும். கல் உடைத்த குடும்பங்களின் நுரையீரலில் அந்தத் தூசு தங்கியது. குவார்ட்ஸ் தூசு அது. உள்ளே போனால் திரும்ப வருவதில்லை. மலையை வெட்டியதைப் பற்றி எழுதும்போது நான் அவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். அந்த ஜல்லியின் மீது கட்டிய வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். வெட்டியவர்களுக்கு முகமூடிகூடத் தராமல் வெட்டவைத்ததும், எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கே இல்லாமல் வெட்டியதும் என்னால் பொறுத்துக்கொள்ள இயலாதவை. சார்னாக்கைட்டின் மூல இடம் என்பதால் பல்லாவரத்தில் ஒரு பகுதியை இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. உலகம் முழுவதும் ஒரு பாறைக்கு இலக்கணமாகக் கொள்ளப்படும் கல்லை நேரில் பார்க்க வருபவருக்கு அந்தச் சிறு பகுதியாவது மிஞ்சியிருக்கிறது.

கைவிடப்பட்ட குவாரிகளில் மழைநீர் தேங்கியது. பாறையில் நீர் ஊறுவதற்கு இடம் மிகக் குறைவு என்பதால், தேங்கியது கீழே இறங்காமல் அப்படியே நின்றது. 2017-இல் சென்னை வறண்டபோது, மாங்காட்டுக்கு அருகே சிக்கராயபுரத்திலுள்ள கைவிடப்பட்ட கல்குவாரிகளிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரித்து நகரத்துக்கு வழங்கினார்கள். ஆழத்தில் தன் நீரையெல்லாம் இழந்து உருவான கல், தன்னை வெட்டிய பள்ளத்தில் ஊருக்கு நீர் வைத்திருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் கொல்கத்தா செல்ல வாய்த்தபோது, புனித ஜான் தேவாலய வளாகத்துக்குச் சென்றேன். சார்னாக்கின் எண்கோண மண்டபம் ஒரு மூலையில், மரங்களின் நிழலில் இருக்கிறது. உள்ளே ஈரமும் அரையிருளும். அங்கிருந்த கற்பலகையில் லத்தீன் எழுத்துகள் வரிவரியாக ஓடின. அதன் பொருளை முன்பே படித்துக்கொண்டு போயிருந்தேன். சார்னாக் தன் உடலை 'இந்தப் பளிங்குக் கல்லின் கீழ்' விட்டுச்சென்றதாகவும், 'தனதல்லாத மண்ணில் நெடுங்காலம் அலைந்தபின்' தன் நித்திய இல்லத்துக்குத் திரும்பியதாகவும் அது கூறுகிறது. எழுதியவருக்கு அது பளிங்கு. ஹாலந்து வரும்வரை இருநூறு ஆண்டுகள் அது பளிங்காகவே அங்கே இருந்தது. நான் கைக்குட்டையால் ஓரத்தைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். நீலமும் பச்சையும் கலந்த அந்தச் சாம்பல் நிறமும், எண்ணெய் பூசியது போன்ற அந்த மினுக்கமும் அங்கே இருந்தன. எங்கள் வீட்டு ஆட்டுக்கல்லின் கல்தான் அது. காவலர் வந்து கதவைச் சாத்த வேண்டும் என்று சொல்லும்வரை அதன் மீது கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.